எட்டுக் கேள்விக்குள் சிக்காத பெண்கள்

அமெரிக்காவின் பல மாவட்டச் சிறைகளில் ஒரு வழக்கம் உண்டு. கைதாகி வருபவரின் கைரேகையைப் பதிந்து, உடைமைகளை எழுதி வாங்கிய கையோடு, மனநோய் இருக்கிறதா என்று அறிய ஒரு காவலர் எட்டுக் கேள்விகள் கேட்பார். உங்கள் மனதுக்குள் யாரோ எண்ணங்களைப் போட்டும் எடுத்தும் ஆட்டிவைப்பதாக நம்புகிறீர்களா? நீங்கள் நினைப்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறதா? முயற்சி செய்யாமலே வாரத்துக்கு ஒரு கிலோ அளவுக்கு எடை ஏறியதா, இறங்கியதா? வழக்கத்தைவிட மிகச் சுறுசுறுப்பாக இருப்பதாக வீட்டார் சொன்னார்களா? பேச்சும் நடையும் மந்தமாகிவிட்டதா? உதவாக்கரை, பாவி என்று வாரக்கணக்கில் தோன்றியதுண்டா? மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எப்போதாவது அதற்காக மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா?

சராசரியாக இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் ஆறில் இரண்டுக்கோ, கடைசி இரண்டில் ஒன்றுக்கோ ‘ஆமாம்’ என்றால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கேட்பதற்கு மருத்துவர் தேவையில்லை, செலவும் இல்லை. சிறை நிர்வாகங்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

இந்தக் கேள்வித்தாளை உருவாக்கியவர்களே அதைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு சிறைகளில் 10,330 பேரிடம் கேட்டு, அவர்களில் ஒரு பகுதியினரை விரிவான மருத்துவ நேர்காணலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆண்களில் 73.5 சதவீதம் பேரைக் கேள்வித்தாள் சரியாகப் பிரித்திருந்தது. பெண்களில் 61.6 சதவீதம்தான். பிரச்சினை இல்லை என்று தவறாக முடிவுகட்டிய விகிதம் ஆண்களிடம் 14.6, பெண்களிடம் 34.7. ஆண்களுக்கு இது நல்ல கருவி, பெண்களுக்கு அவ்வளவாக இல்லை என்று அவர்களே எழுதினார்கள்.

ஏன் இப்படி என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், கேள்விகளை மறுபடி ஒருமுறை படித்தாலே போதும். பயத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. அடி வாங்கியது பற்றி இல்லை. பாலியல் வன்முறை பற்றி இல்லை. கையைக் கீறிக்கொண்டது பற்றியோ சாக நினைத்தது பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வெளியே தெரியும்படி ஆட்டம் போடும் நோய்களுக்காக விரித்த வலை இது. அந்த வகை நோய்களில் ஆண் பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த கணக்குப்படி, மனச்சிதைவு போன்ற தீவிரப் பிறழ்வுகள் சிறையிலுள்ள ஆண்களில் 3.6 சதவீதம், பெண்களில் 3.9 சதவீதம். ஆனால் தீவிர மனச்சோர்வு ஆண்களில் 10.2, பெண்களில் 14.1. இதோடு பழைய வன்முறையின் வடு, குழந்தையைப் பிரிந்த துக்கம், போதைப் பழக்கம் எல்லாம் சேரும்போது இடைவெளி இன்னும் விரிகிறது. 2009இல் அமெரிக்காவின் ஐந்து சிறைகளில் எடுத்த கணக்கில் கடுமையான மனநோய் உள்ள ஆண்கள் 14.5 சதவீதம், பெண்கள் 31 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே வாங்கிக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. இங்கிலாந்து - வேல்ஸ் சிறைகளில் 1997இல் நடந்த அரசுக் கணக்கெடுப்பு, முந்தைய ஓராண்டில் தீவிரப் பிறழ்வு இருந்த பெண் கைதிகள் 14 சதவீதம் என்றது. மேலே சொன்ன தொகுப்பில் அதே வகை நோய்க்கு நான்கு சதவீதம்கூட இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஒன்று ஓராண்டைக் கேட்கிறது, இன்னொன்று இப்போதைய நிலையைக் கேட்கிறது. கருவி வேறு, கேட்பவர் வேறு, எங்கே கோடு கிழிப்பது என்பதும் வேறு. நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. பெங்களூரு மத்திய சிறையில் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய பெரிய ஆய்வு 2011இல் வெளியானது. கைதிகளில் 79.6 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை என்று அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். போதைப் பழக்கத்தைக் கழித்துவிட்டால் அது 27.6 சதவீதம். கழிக்க வேண்டுமா கூடாதா என்பது தனி விவாதம். கழித்ததா கழிக்காததா என்று தெரியாமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். பெண்கள் 23,772. நூற்றுக்கு நான்கு பேர். பெண்களின் மனநலம் பின்தங்கிப்போனதற்கு இந்த நான்கே பெரிய காரணம் என்பேன். கட்டடம், மருத்துவர் பணியிடம், பதிவேடு, கேள்வித்தாள் எல்லாமே மற்ற 96 பேரை மனதில் வைத்து உருவானவை. தமிழ்நாட்டில் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று பெண்களுக்குத் தனிச் சிறைகள் இருக்கின்றன. பல மாநிலங்களில் ஆண்கள் சிறையின் ஒரு மூலையில் மதில் எழுப்பி அதைப் பெண்கள் பிரிவு என்கிறார்கள். அங்கே இருப்பவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டுமென்றால் பெண் காவலர்கள் வழிக்காவலுக்கு வர வேண்டும். பந்தோபஸ்து, திருவிழா, தேர்தல் என்று ஏதாவது வந்தால் ஆள் கிடைக்காது. அந்த வாரப் பரிசோதனை அடுத்த வாரம் ஆகும்.

சேர்க்கை நாளை யோசித்துப் பாருங்கள். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்து, சாயங்காலம் தாண்டி ஒரு பெண் சிறைக்கு வருகிறார். முந்தைய இரவு காவல் நிலையத்தில் தூங்கியிருக்க மாட்டார். உடல் சோதனை, நகை கழற்றல், பெயர், அங்க அடையாளம், வழக்கு எண். மருத்துவர் காயம் இருக்கிறதா, கர்ப்பமா, சர்க்கரை இருக்கிறதா, தொற்று இருக்கிறதா என்று பார்க்கிறார். அதே மூச்சில் மனநிலை பற்றியும் ஒரு கேள்வி. பக்கத்தில் வார்டர் நின்றுகொண்டிருப்பார். ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்?

2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகள் இதைத் தெரிந்தே எழுதப்பட்டவை. பெண் கைதிகளுக்கென்றே 70 விதிகள். சேர்க்கைப் பரிசோதனையில் மனநலத் தேவையை, குறிப்பாகப் பேரதிர்ச்சியின் பின்விளைவையும் தற்கொலை அபாயத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது 6ஆவது விதி. பாலியல் வன்முறைக்கு ஆளானவரா என்பதையும் கண்டறியச் சொல்கிறது. 11ஆவது விதி, பரிசோதனை நேரத்தில் மருத்துவப் பணியாளர் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. காவலர் இருந்தே ஆக வேண்டிய சூழல் என்றால் அவர் பெண்ணாக இருக்க வேண்டும், பேசுவது காதில் விழாத ரகசியம் காக்கப்பட வேண்டும். நம் சிறைகளின் மருத்துவ அறைகளில் கதவைச் சாத்துவது என்பதே ஒரு நிர்வாகச் சீர்திருத்தம்தான்.

அப்புறம் கேள்விகளின் சமாச்சாரம். மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் புழங்குவது பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, களைப்பு உண்டா, கவனம் சிதறுகிறதா என்று கேட்டு 27க்கு மதிப்பெண் போடுவார்கள். பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். நேற்று கைதான பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? முப்பது பேர் படுக்கும் அறையில் விளக்கை அணைக்கவே மாட்டார்கள், தூக்கம் இல்லை. சிறைச் சாப்பாடு இறங்கவில்லை, பசி இல்லை. மனச்சோர்வே இல்லாத ஒருவருக்கும் பத்து மதிப்பெண் சுலபமாக வந்துவிடும். எல்லோருக்கும் பத்து வந்தால் மருத்துவர் பட்டியலை ஓரமாக வைத்துவிடுவார், அதில் நிஜமாகவே சாக நினைப்பவரும் சேர்ந்து ஓரமாகிவிடுவார்.

இந்தச் சிக்கலை வேறு ஓர் இடத்தில் ஏற்கெனவே தீர்த்திருக்கிறார்கள். குழந்தை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வை அளக்க 1987இல் எடின்பரோவில் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். கைக்குழந்தை உள்ள எந்தத் தாய்க்குத்தான் தூக்கம் இருக்கிறது? அதனால் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். தூக்கத்தைக் கேட்கும் இடத்திலும், ‘தூங்க முடியாத அளவுக்கு மனவருத்தமாக இருந்ததா’ என்று காரணத்தோடு சேர்த்துக் கேட்டார்கள். சிரிக்க முடிகிறதா, எதையாவது ஆசையோடு எதிர்பார்க்க முடிகிறதா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா என்று போகும். கடைசிக் கேள்வி, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. சிறைக்காக எழுதப்பட்டதல்ல என்றாலும், சூழ்நிலை உண்டாக்கும் தூக்கமின்மையையும் நோய் உண்டாக்கும் தூக்கமின்மையையும் எப்படிப் பிரிப்பது என்று இதைவிடச் சுலபமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

‘முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா’ என்ற கேள்வியும் நம் ஊரில் வேலை செய்யாது. மனநல மருத்துவமனை வாசலையே மிதிக்காமல் குணசீலத்திலோ சோளிங்கரிலோ மண்டலக் கணக்கில் இருந்துவிட்டு வந்த பெண்கள் இருக்கிறார்கள். ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் கருகிய பிறகுதான் அங்கே எத்தனை பேர் அப்படிக் கிடந்தார்கள் என்பது நாட்டுக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா என்றால் இவர்கள் ‘இல்லை’ என்பார்கள். அது உண்மையும்கூட. ‘கோயில், தர்கா, வைத்தியர் என்று எங்கேயாவது கூட்டிப்போனார்களா, எத்தனை நாள் இருந்தீர்கள்’ என்று கேட்டால் வேறு கதை வரும். நெஞ்சு படபடப்பு, கைகால் எரிச்சல், தலைபாரம் என்று சொல்லி மாத்திரை வாங்கிப்போகிற பெண் மாதக்கணக்கில் பாராசிட்டமாலிலேயே காலம் தள்ளுவதும் இந்த வகைதான்.

கேள்வியைத் திருத்திவிட்டால் போதுமா என்றால், போதாது. உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று ஒரு பெண் கணக்குப் போடுவார். ஆறு வயது வரையிலான குழந்தையைத் தாயோடு சிறையில் வைத்துக்கொள்ளலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் உபாத்யாய் வழக்கில் வழிமுறைகள் வகுத்தது. தன் பெயருக்கு எதிரே ‘மனநோய்’ என்று எழுதினால் அந்தக் குழந்தையை எடுத்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிற தாய் வாயைத் திறக்க மாட்டார். வெளியே கணவர் விவாகரத்து வழக்குப் போட்டிருந்தால் இன்னும் மோசம். மனுப் போட்டுச் சிறையில் பார்க்க வருகிற அம்மாவும், ‘பைத்தியம்னு எழுதிடப் போறாங்க, ஒண்ணும் சொல்லாதே’ என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். எதிர்ப்பக்கமும் உண்டு. கையைக் கீறிக்கொண்டு வருகிறவரை ‘டிராமா போடுறா’ என்று ஒதுக்குவது. ஒருமுறை அந்தப் பெயர் விழுந்துவிட்டால், அப்புறம் நிஜமாகவே விபரீதம் நடக்கும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கு எல்லாமே ஒன்றாக மோதும் இடம் ஒன்று இருக்கிறது. நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்திதான்: குழந்தைகளோடு சாக முயன்ற தாய், குழந்தைகள் இறந்துவிட, தான் பிழைத்துக்கொள்கிறார். அரசு மருத்துவமனையிலிருந்து நேரே சிறை. மனநல மருத்துவச் சட்டம் 2017இன் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ள வேண்டும், அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. குழந்தைகளின் சாவுக்கான கொலை வழக்கு அப்படியே நிற்கும். ஒரே நிமிடத்தில் நடந்த காரியத்தில் ஒரு பாதிக்கு அவர் நோயாளி, மறு பாதிக்குக் கொலையாளி. பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கத்தில் இருக்கும் இவர்தான் அன்றைக்கு அந்தச் சிறையிலேயே மிக அதிகமாகக் கண்காணிக்கப்பட வேண்டியவர். மற்ற கைதிகள் அவரோடு பேசக்கூட மாட்டார்கள். பிள்ளையைக் கொன்றவள் என்பதற்குச் சிறைக்குள் மன்னிப்புக் கிடையாது.

இங்கே இரண்டு வேறு பரிசோதனைகள் குழம்பிப்போகின்றன. ஒன்று, இவருக்கு இப்போது என்ன சிகிச்சை வேண்டும் என்பது. இன்னொன்று, சம்பவம் நடந்தபோது தான் செய்வது இன்னதென்று அறியும் நிலையில் இருந்தாரா என்று நீதிமன்றத்துக்குச் சொல்வது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆவது பிரிவு, அதாவது பழைய இ.பி.கோ. 84, அந்த நேரத்து மனநிலையைத்தான் கேட்கிறது. அதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில். பிரசவத்துக்குப் பின் வரும் தீவிரப் பிறழ்வு ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில். காலையில் தெளிவாக இருப்பார், மாலையில் குழம்பிப்போவார். சிகிச்சை கிடைத்தால் சில வாரங்களில் தெளிந்துவிடுவார். பல மாதம் கழித்து நீதிமன்ற உத்தரவோடு மருத்துவர் முன் உட்காரும்போது நல்ல நினைவோடு, கோர்வையாகப் பேசுவார். அந்தத் தெளிவே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். அதனால் சிறையில் முதல் வாரத்திலேயே விரிவாக எழுதிவைத்த மருத்துவக் குறிப்புக்கு ஈடான ஆவணம் பிறகு கிடைக்காது. கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்துபோன நாட்களில் என்ன பார்த்தார், பிரசவ வார்டில் எத்தனை நாள் தூங்காமல் இருந்தார் என்பதையெல்லாம் அப்போதே கேட்டு வாங்க வேண்டும். இங்கிலாந்தில் 1922இலேயே சிசுக்கொலைக்குத் தனிச் சட்டம் வந்தது, 1938இல் அதைத் திருத்தி, பிறந்து ஓராண்டுக்குள் உள்ள குழந்தை என்றாக்கினார்கள். பிரசவத்தின் விளைவாகத் தாயின் மனநிலை குலைந்திருந்தால் அது கொலைக் குற்றம் ஆகாது. இந்தியாவுக்கு அந்நாட்டிலிருந்து எத்தனையோ சட்டங்கள் வந்தன, இது மட்டும் வரவில்லை.

நம் சட்டத்தில் எனக்கு விசித்திரமாகத் தோன்றுவது வேறொன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆவது பிரிவு சிறைகளைப் பற்றியது. மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சைப் பிரிவு இருக்க வேண்டும் என்று நல்ல விஷயத்தைச் சொல்கிறது. அதே பிரிவு, சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. என்ன அறிக்கை? சிறையில் மனநோயுள்ள கைதிகள் யாரும் இல்லை என்று சான்றளிக்கும் அறிக்கை. மனநோயாளிகளைச் சிறையில் அடைத்துவைக்கும் பழைய கொடுமைக்கு முடிவுகட்டும் எண்ணத்தில் எழுதியிருப்பார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர்களை மனநோய்க்காகவே சிறையில் வைத்திருந்தது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் ஷீலா பர்சே வழக்கில் சொன்னதே 1993இல்தான். எண்ணம் நல்லதுதான். ஆனால் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போடச் சொல்லும் படிவத்தை வைத்துக்கொண்டு யார்தான் தேடிப் பார்ப்பார்கள்? எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை பேரைக் கண்டுபிடித்தீர்கள், கண்டுபிடித்தவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் இதே காகிதம் உதவியிருக்கும். ஆண், பெண் தனித்தனியாகக் கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

இங்கிலாந்தில் இந்த விஷயம் பொதுப்பேச்சானதற்குச் சாவுகள்தான் காரணம். செஷயர் பகுதியிலுள்ள ஸ்டையல் பெண்கள் சிறையில் 2003 ஆகஸ்டோடு முடிந்த ஓராண்டில் ஆறு பெண்கள் இறந்தார்கள். அவர்களில் 18 வயதுப் பெண் ஒருவர் தண்டனை பெற்று வந்த மறுநாளே இறந்தார். அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஜீன் கார்ஸ்டன் 2007 மார்ச்சில் 43 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். பெண்களின் பலவீனமான நிலையை அவர் மூன்று கோணங்களில் பார்த்தார்: வீட்டுச் சூழல், அதாவது வன்முறையும் பிள்ளை வளர்ப்பும், தனிப்பட்ட நிலை, அதாவது மனநோயும் போதையும் சாப்பாட்டுக் கோளாறுகளும், பொருளாதார நிலை, அதாவது வறுமையும் தனிமையும். ஒரு பெண்ணின் மனநலத்தை மதிப்பிட உட்காருபவர் இந்த மூன்றையும் கேட்க வேண்டும் என்பது அங்கே ஓரளவு வழக்கத்துக்கு வந்தது. பெரிய பெண்கள் சிறைகளை மூடிவிட்டுச் சின்னச் சின்ன இல்லங்களாக மாற்ற வேண்டும் என்ற அவருடைய முக்கியப் பரிந்துரை மட்டும் நடக்கவில்லை. லண்டனின் ஹாலோவே சிறை 2016இல் மூடப்பட்டது. அங்கிருந்த பெண்கள் வேறு சிறைகளுக்குப் போனார்கள்.

கண்டுபிடித்த பிறகு என்ன என்ற கேள்விக்கு விடை இல்லாமல் கேள்வித்தாளைப் பற்றி மட்டும் பேசுவது பாதி வேலை. சிகாகோ சிறையில் 1,272 பெண்களை நேர்காணல் செய்த ஆய்வு 1990களில் நடந்தது. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாழ்நாளில் ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது அடுத்த கண்டுபிடிப்பு: கடுமையான நோயும் சிகிச்சைத் தேவையும் உள்ள பெண்களில் கால்வாசிப் பேருக்குக்கூடச் சிறையில் சிகிச்சை கிடைக்கவில்லை. நம் சிறைகளில் முதல் நாளோடு பரிசோதனையை முடித்துவிடாமல் பத்துப் பதினைந்து நாளில் இரண்டாவது முறை, பெண் ஆலோசகர் ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினாலே பாதிப் பேர் கண்ணில் படுவார்கள் என்பது என் கணிப்பு. அதன்பிறகு வாய்தா வந்த மறுநாள், ஜாமீன் மனு தள்ளுபடியான நாள், குழந்தைக்கு ஆறு வயது முடிந்து வெளியே அனுப்பும் நாள் என்று ஆபத்தான நாட்களைக் குறித்துவைத்துப் பார்க்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

விடுதலை நாள் இந்தப் பட்டியலிலேயே வராது. இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு எந்த மாலையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அன்றைக்கே வெளியே. மாத்திரை ஓடிக்கொண்டிருந்த பெண் கையில் என்ன இருக்கிறது என்று அந்த அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. குறைந்தது ஒரு மாத மாத்திரையும், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதமும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கடிதம் மாவட்ட மனநலத் திட்டத்தின் சீட்டில் இருப்பது நல்லது. சிறை முத்திரை குத்திய சீட்டை ஊர் மருத்துவமனையில், தெரிந்த நர்ஸ் உட்கார்ந்திருக்கும் மேஜையில் எடுத்து வைக்க எந்தப் பெண்ணுக்கும் கை வராது.